கரிசல் வெயிலும் ஆர்க்கிட் பூவும்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் ஆர்க்கிட் வளர்ப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், அது மலைச்செடி, இந்த வெயிலைத் தாங்காது என்ற பதில்தான் முதலில் வரும். வாங்கி வளர்த்தவர்கள் சொல்வதும் அதை ஒட்டியே இருக்கும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ பூத்து நின்ற தொட்டியை ஆசையாக வாங்கி வருவார்கள். அந்தப் பூ ஒன்றிரண்டு மாதம் வாடாமல் நிற்கும். உதிர்ந்த பிறகு இலை மட்டும் மிஞ்சும். ஓராண்டு, ஈராண்டு தண்ணீர் ஊற்றிக் காத்திருந்தும் பூந்தண்டு எட்டிப் பார்க்காது. கடைசியில் ஊரின் வெக்கை மேல் பழியைப் போட்டுச் செடியைக் கைவிடுவார்கள். அந்தப் பழி பெரும்பாலும் தவறானது. ஆர்க்கிட் மலைக்கே உரியது என்ற எண்ணம் ஆங்கிலேயர் காலத்தில் நம்மிடம் வந்து சேர்ந்தது. தென்னிந்தியச் சமவெளியின் ஆர்க்கிட் அந்த எண்ணம் வேரூன்றும் முன்பே தாவரவியல் ஏட்டில் பதிவாகிவிட்டது. வீட்டில் வளரும் செடி மறுபடி பூக்காததற்கு வெயிலைவிடப் பெரிய காரணம், பருவமே தெரியாதபடி அதை நாம் பொத்தி வைப்பது. இதற்குச் சான்று தேடினால் இருநூறு ஆண்டு வரலாறே கைகொடுக்கிறது.

சமவெளியிலிருந்தே தொடங்குவோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வில்லியம் ராக்ஸ்பர்க் சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் பற்றி எழுதிய பெருநூலின் முதல் தொகுதி 1795இல் வெளிவரத் தொடங்கியது. இந்திய ஓவியர்கள் வரைந்த படங்களோடு வந்த அந்த நூலில், மரத்தின் மேல் வாழும் ஓர் ஆர்க்கிட்டை எபிடென்ட்ரம் டெசலேட்டம் என்று அவர் பதிவு செய்தார். தடித்த தோல் போன்ற நீண்ட இலை, தண்டிலிருந்து காற்றில் தொங்கும் வெண்ணிற வேர், மஞ்சளும் பச்சையும் பழுப்பும் கலந்து கட்டம் போட்டது போன்ற இதழ், நடுவில் ஊதா நிற உதடு, மெல்லிய மணம் என்று அடையாளம் தெளிவானது. அதே ஆண்டு வெளியான ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ் தொகுதியில், மறைந்த வில்லியம் ஜோன்ஸ் எழுதிய குறிப்பில் வாண்டா என்ற பெயர் இடம்பெற்றது. 1820இல் ராபர்ட் பிரவுன் இந்தச் செடிக்கு ராக்ஸ்பர்க்கின் பெயரையே சேர்த்து வாண்டா ராக்ஸ்பர்கி என்று சூட்டினார். இன்று வாண்டா டெசலேட்டா என்று வழங்குவது இதுதான். தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பில் தாவரவியல் படித்தவர்கள் தொற்று வேருக்கும் வெலாமன் திசுவுக்கும் எடுத்துக்காட்டாக மனப்பாடம் செய்த வாண்டாவும் இந்தப் பேரினமே. மேகம் தவழும் சோலைக்காடு இதற்குத் தேவையில்லை. இந்தியாவின் வறண்ட இலையுதிர் காடுகளிலும் இலங்கையின் உலர்மண்டலத்திலும் மாமரம், புளியமரம் போன்ற சொரசொரத்த பட்டையுள்ள மரங்களில் ஒட்டி வளர்வது இது. ஈட்டி இலையும் கிழங்குமாகத் தரையில் வாழும் யூலோபியா எபிடென்ட்ரேயா என்ற இன்னோர் ஆர்க்கிட் முட்புதர்க் காட்டிலேயே பிழைக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்திலிருந்து அருட்தந்தை கே. எம். மேத்யூ 1980களில் வெளியிட்ட தமிழகச் சமவெளித் தாவரத் தொகுதிகளில் ஆர்க்கிட் குடும்பத்துக்கும் இடம் உண்டு.

அப்படியிருந்தும் இது மலைப்பூவாக நம் மனத்தில் ஏன் பதிந்தது? முதல் காரணம், ஆர்க்கிட்டைத் தேடிப் பிடித்து வளர்த்துக் காட்டியவர்கள் தங்கியிருந்த இடம். வெயிலுக்கு ஒதுங்கிய வெள்ளை அதிகாரிகள் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் வீடு கட்டினார்கள். 1848 வாக்கில் ஊட்டித் தாவரவியல் பூங்கா உருவானது. மலர்க்காட்சிகள் மலையூர்களில் நிலைபெற்றன. தாவரவியலாளர் ஆர். வைட் 1838 முதல் 1853 வரை மதராஸிலிருந்து வெளியிட்ட படத்தொகுதிகளில் தென்னிந்திய ஆர்க்கிட்டுகள் ஏராளம். அவருக்குப் படம் வரைந்த ரங்கையா, கோவிந்து என்ற இரு ஓவியர்களில் பின்னவரின் பெயரால் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்தூயியா என்று வைட் பெயரிட்டார். 1932இல் வந்த தாவரவியலாளர் ஃபைசனின் நூலோ தென்னிந்திய மலைவாசத் தலங்களின் தாவரங்களையே பேசியது. விடுதலைக்குப் பிறகு இந்தியத் தாவரவியல் ஆய்வகம் தேசிய ஆர்க்கிட் தோட்டத்தை அமைத்ததும் ஏற்காட்டில்தான். சேகரிப்புக்கும் பாதுகாப்புக்கும் அது சரியான இடம். ஆனால் பார்க்கப் போகிறவர் மனத்தில், ஆர்க்கிட் என்றால் குளிர் என்ற கணக்கை அது மேலும் உறுதிப்படுத்தியது.

இரண்டாவது காரணம் நம்முடையது. இந்த மாவட்டத்தில் பூந்தோட்டக் கலை புதிதன்று. பெரியாழ்வாரின் நந்தவனமும் ஆண்டாளின் துளசித் தோட்டமும் திருவில்லிபுத்தூரில்தான் இருக்கின்றன. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இன்றும் சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை அழகருக்கும், பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும் போகிறது. அந்த மரபு வேண்டியது அன்றாடம் பறித்து, நாரில் தொடுத்து, மறுநாள் களையக்கூடிய பூ. மல்லிகையும் சம்பங்கியும் செவ்வந்தியும் அதற்குப் பொருந்தின. ஆண்டுக்கு ஓரிரு முறை மரத்தின் மேல் சில பூக்களை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் நிற்கிற செடிக்கு அந்தத் தொடுப்பில் இடமில்லை. மருத்துவமும் அதை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. வட இந்தியாவில் ராஸ்னா என்ற பெயரில் வாண்டா வேரும் விற்கப்படுகிறது, தெற்கே அந்தப் பெயருக்கு அரத்தைக் கிழங்கே வழக்கில் உள்ளது. மாலைக்கும் மருந்துக்கும் உதவாததை யாரும் முற்றத்தில் வைத்துப் பேணவில்லை. ஊர்மரத்தில் இருந்தது ஊரார் கண்ணில் படவில்லை என்பதே என் கருத்து.

வளர்ப்பு முறையின் வரலாறு இதைவிடப் பாடம் நிறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் வெப்பநாட்டு ஆர்க்கிட்டுகள் இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலாகப் போயின. வெப்பநாடு என்றால் புழுக்கமும் ஈரமும்தான் என்று எண்ணிய தோட்டக்காரர்கள், காற்று புகாத கண்ணாடிக் கூடங்களில் நீராவி நிரப்பி, மரத்தூளுக்கும் மண்ணுக்கும் நடுவே செடிகளைப் புதைத்து வைத்தார்கள். பெரும்பாலானவை அழுகிச் செத்தன. சாட்ஸ்வொர்த் தோட்டத்தில் ஜோசப் பாக்ஸ்டன் 1830களில் கூடத்துக்குக் கூடம் வெப்பநிலையை மாற்றி, சாளரத்தைத் திறந்து காற்றோட்டம் விட்ட பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. இந்தத் தவற்றை மிகத் தெளிவாகச் சுட்டிக்காட்டியவர் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர். 1850இல் மேகாலயத்தின் காசி மலைகளில் நீல வாண்டாவை அதன் இடத்திலேயே கண்ட அவர், 1854இல் வந்த தம் இமயப் பயணக் குறிப்புகளில் அதைப் பற்றி நீளமாக எழுதினார். மூவாயிரம், நாலாயிரம் அடி உயரத்தில் புல் படர்ந்த குன்றுகள், இலை குறைந்த கோணல் மரங்கள், பாசிகூடப் படியாத உலர்ந்த பட்டையில் பரவிய வேர்கள். செடி வெயிலையும் மழையையும் காற்றையும் நேரடியாக வாங்கிக்கொண்டிருந்தது. மழைக்காலம் கடந்ததும் வறட்சி, குளிர்காலத்தில் உறைபனி என்று அது கண்ட மாற்றங்கள் அனைத்தையும்தான் இங்கிலாந்தில் செடிக்குக் கிடைக்காமல் தடுக்கிறோம் என்றார் அவர். அங்கிருந்து ஏழு ஆள் சுமை நீல வாண்டாவை அவரே கியூ தோட்டத்துக்கு அனுப்பினார், உயிரோடு போய்ச் சேர்ந்தவை மிகச் சில. அந்தக் கொள்ளைச் சேகரிப்பை இன்று நியாயப்படுத்த முடியாது. அவருடைய கவனிப்பு மட்டும் இன்றும் செல்லும்.

காசி மலை உலகிலேயே அதிக மழை பெறும் பகுதிகளுள் ஒன்று, அதைக் கரிசல் காட்டோடு எப்படி ஒப்பிடலாம் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஹூக்கரும் அங்கே மழைக்காலக் காற்று மிகுந்த ஈரமானது என்றே எழுதினார். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மழையின் அளவை அன்று, மாற்றத்தின் முறையை. நனைந்த பட்டை விரைவில் உலர்கிறது, வளரும் காலமும் ஓயும் காலமும் தெளிவாகப் பிரிகின்றன, காற்று நிற்பதில்லை. பூ என்பது பருவமாற்றத்துக்குச் செடி தரும் மறுமொழி. இதற்கு மலேயாவிலும் சிங்கப்பூரிலும் சாலையோர மரங்களில் வளரும் புறா ஆர்க்கிட், அதாவது டென்ட்ரோபியம் க்ருமனேட்டம், கண்கண்ட சான்று. மொட்டுகள் அரைகுறையாக உறங்கிக்கிடக்கும். திடீர் மழையில் வெப்பம் சில டிகிரி இறங்கினால் விழித்து, சுமார் ஒன்பது நாள் கழித்து ஊர் முழுக்க ஒரே காலையில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, அன்றே வாடிவிடும். எந்த உரமும் அந்த நாளை முன்கூட்டிக் கொண்டுவராது. சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் இன்னொரு வகைச் சான்று. 1893இல் தாவரவியலாளர் ரிட்லி அதை விவரித்தார், 1981இல் அது தேசிய மலரானது. கொழுகொம்பைத் தாண்டி அதன் தலை வெட்டவெளி வெயிலுக்குள் நீளும்போதுதான் அது தாராளமாகப் பூக்கும். நிழலில் வைத்தால் பச்சைப்பசேல் என்று வளர்ந்துகொண்டே போகும், பூக்காது.

இந்த அளவுகோலைச் சிவகாசிப் பகுதிக்குக் கொண்டுவருவோம். பி. ஐயநாடாரும் அ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அதிலிருந்து தொடங்கிய தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில் மூன்றும் இங்கே வேரூன்றியதற்குச் சொல்லப்படும் முதன்மைக் காரணங்களில் ஒன்று வறண்ட காற்று. மழை குறைவு, வெயில் நிறைவு, வைத்தது காயும். கோடையில் பகல் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டும். மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்துவிடும். மார்கழி, தையில் இரவுகள் இதமாகக் குளிரும். ஆர்க்கிட்டின் கணக்கில் பார்த்தால் இங்கே வெளிச்சத்துக்குக் குறைவில்லை, காற்றோட்டத்துக்குக் குறைவில்லை, பருவங்களுக்கு இடையிலான வேறுபாட்டுக்கும் குறைவில்லை. குறைவது ஒன்றே, இரவின் ஈரம். வாண்டாவும் ஃபலனாப்சிஸும் இன்னும் பல மரவாழ் ஆர்க்கிட்டுகளும் பகலில் இலைத்துளைகளை மூடி இரவில் திறந்து மூச்சு வாங்கும் இனங்கள். இரவுக் காற்று மிக உலர்ந்திருந்தால் அவை தளர்ந்துபோகும். அந்த ஒரு குறையை நிரப்பும் வேலைதான் இந்த ஊரில் வளர்ப்பவருக்கு உள்ளது. அந்தியில் தரையையும் சுற்றுச் சுவரையும் நனைத்து வைப்பது, அகலத் தட்டில் ஈர மணல் பரப்பி அதற்கு மேலே தொட்டியைத் தொங்கவிடுவது, மற்ற செடிகளோடு கூட்டமாக வைப்பது ஆகிய எளிய வழிகளே போதும். பகலில் அறைக்குள் பூட்டிவைப்பதும், கோடை முழுக்கத் தொட்டியை ஊற வைப்பதும் ஹூக்கர் கண்டித்த கண்ணாடிக் கூடத்தையே நம் வீட்டில் மறுபடி கட்டுவதாகும்.

செடிக்குச் செடி முறை மாறும். பூங்கொத்துக் கடைகளிலும் கல்யாண மேடைகளிலும் நாம் காண்பவை பெரும்பாலும் தாய்லாந்திலிருந்து வந்த டென்ட்ரோபியம் கலப்பினங்கள். இந்த மாவட்டத்தில் புதிதாகத் தொடங்குபவருக்கு அவையே பொருத்தம். கரித்துண்டும் உடைந்த ஓடும் போட்ட துளைத்தொட்டி, பாதி வெயிலைத் தடுக்கும் பச்சை வலை, காலையில் ஒரு நனைப்பு இருந்தால் ஆண்டில் பல மாதம் புதுத்தண்டு விடும். ஒரு தண்டு முற்றி இலை உதிர்த்துவிட்டதென்று பலர் அதை வெட்டிவிடுகிறார்கள். அந்த மொட்டைத் தண்டுதான் அடுத்த ஆண்டும் கணுவிலிருந்து பூ விடக்கூடியது, அது சுருங்கி மஞ்சளாகிச் சாகும்வரை தொடக்கூடாது. இலை கரும்பச்சையாக இருப்பதைச் செழிப்பு என்று மகிழ்வதும் தவறு. வெளிச்சம் போதவில்லை என்பதற்கான அடையாளம் அது, இளம்பச்சையில் மஞ்சள் சாயல் இருக்கும் இலைதான் பூக்கும் செடியின் இலை. தண்டு முற்றிய பிறகும் தழைச்சத்து உரத்தையே தெளித்துக்கொண்டிருந்தால் இன்னொரு தண்டுதான் வரும். வாண்டாவுக்குத் தொட்டியே வேண்டாம், மரக்கட்டையிலோ கூடையிலோ வேர் வெளியே தொங்கட்டும். வெள்ளி நிறத்தில் இருக்கும் வேர் நனைந்ததும் பச்சையாகும், மறுபடி வெளுக்கும்வரை அடுத்த தண்ணீர் கூடாது. நம் மரங்களில் வளரும் வாண்டா டெசலேட்டா கோடை வெயிலேறும்போது பூக்கும் இயல்புடையது, ஆகவே தையிலிருந்து அதைப் பட்டப்பகல் வெளிச்சத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும்.

சிக்கலான செடி ஃபலனாப்சிஸ். நர்சரிகளில் கண்ணைப் பறிக்கும் அகலமான பூக்கள் இதனுடையவை. முதல் பத்தியில் சொன்ன ஏமாற்றமும் பெரும்பாலும் இதனுடையதுதான். வெப்பம் 28 டிகிரிக்கு மேல் நிலைத்திருந்தால் இது பூந்தண்டு தொடங்குவதில்லை. சில வாரங்களாவது 25 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். பெரிய பண்ணைகளில் குளிரூட்டிய கூடத்தில் வைத்து இதைச் செய்கிறார்கள், அப்படிப் பூக்க வைத்த செடிதான் நம் கைக்கு வருகிறது. விருதுநகரில் அந்தக் குளிர் ஆண்டு முழுவதும் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கார்த்திகைக் கடைசியிலிருந்து தை வரை இரவுகள் அந்த அளவை நெருங்குகின்றன. அந்த வாரங்களில் செடியை வரவேற்பறையில் ஜன்னல் சாத்தி வைக்காமல், மழை நேரே கொட்டாத வராந்தாவில் இரவும் பகலும் விட்டால் தண்டு எழ வாய்ப்புண்டு. பூத்து முடிந்த தண்டு பச்சையாகவே இருந்தால் கீழிருந்து இரண்டாம் மூன்றாம் கணுவுக்கு மேல் நறுக்கினால் கிளைத்தண்டு வரலாம். ஒவ்வோர் ஆண்டும் வரும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். இந்த ஊர்ச் சூழலுக்கு ஃபலனாப்சிஸை அளவுகோலாக வைத்து ஆர்க்கிட்டே வராது என்று தீர்ப்பெழுதுவது மட்டும் நியாயமில்லை.

மற்ற ஆட்சேபங்களில் தண்ணீர் முக்கியமானது. குடத்துக்குக் காத்திருக்கும் ஊரில் அலங்காரச் செடிக்கு நீரா என்று கேட்பவர்களின் வருத்தம் உண்மையானது. மண்ணில்லாமல் கரித்துண்டில் நிற்கும் ஆர்க்கிட் கேட்பது ஒரு குவளை அளவே, ஒரு மல்லிகைத் தொட்டியைவிடக் குறைவு. நீரின் தன்மைதான் அதைவிடப் பெரிய தடை. இப்பகுதியின் பல ஆழ்துளைக் கிணறுகளில் வருவது உப்புநீர். அது வேர்நுனியைக் கருக்கும், தொட்டி ஓரத்தில் வெள்ளைப் படிவாகப் படியும், செடி இருக்கிற இடத்திலேயே நின்றுவிடும். ஐப்பசி மழையில் மொட்டை மாடி நீரைப் பிடித்து மூடி வைத்தால் சில செடிகளுக்குப் பல மாதம் வரும். அடுத்தது புகை. புகையில் கலந்திருக்கும் எத்திலீன் வாயு மொட்டை மஞ்சளாக்கி உதிர்க்கும் என்பது ஆர்க்கிட் வளர்ப்போர் அறிந்தது. தீபாவளி வாரத்தில் மொட்டோடு நிற்கும் செடியைக் காற்று வரும் திசை பார்த்து உள்ளே எடுத்துவைக்க வேண்டியதுதான். குப்பை எரிக்கும் தெருவுக்கும், பழம் பழுக்கவைக்கும் அறைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. நம் மரத்திலேயே நல்ல ஆர்க்கிட் இருக்கிறதென்று எழுதினால், நாளைக்கே அதைப் பிய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்களே? இங்கிலாந்தின் ஆர்க்கிட் மோகம் அப்படித்தான் காடுகளை வெறுமையாக்கியது, பூவுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். ஆனால் காட்டிலிருந்து எடுக்கவேண்டிய தேவை நூறாண்டுக்கு முன்பே ஒழிந்துவிட்டது. தூசி போன்ற ஆர்க்கிட் விதைக்குள் உணவு இல்லை, ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் அது முளைக்கும் என்று பிரான்ஸின் நோயல் பெர்னார் 1899இல் கண்டறிந்தார். சிவகாசி இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போன அதே 1922இல், பூஞ்சை இல்லாமலே சர்க்கரை கலந்த ஊடகத்தில் விதையை முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் நிறுவினார். 1960இல் ஜார்ஜ் மோரல் நுனித்திசுவிலிருந்து கன்று பெருக்கும் முறையைத் தந்தார். பிரபுக்களின் கண்ணாடிக் கூடத்திலிருந்து சாதாரண வீட்டு மாடிக்கு ஆர்க்கிட் இறங்கி வந்தது இந்த மூன்று படிகளால்தான். இன்று திசுவளர்ப்புக் கன்று எளிதில் கிடைக்கிறது. மரத்திலிருந்து பிய்த்த செடியோ வேர் அறுந்து பெரும்பாலும் சாகும். 1988இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகியுள்ளது. செண்பகத்தோப்புக்கும் சதுரகிரிக்கும் போகிறவர்கள் அங்கிருந்து ஒரு வேரைக்கூட எடுத்து வருவது சட்டப்படி குற்றம்.

காட்டுக்குக் காவல் இருக்கிறது, ஊர்மரத்துக்கு இல்லை. ராணி மங்கம்மாள் காலத்திலிருந்து மதுரைக்குத் தெற்கே போகும் நெடுஞ்சாலை நிழல்மரங்களுக்குப் பேர்போனது. நாற்கரச் சாலைக்காக விருதுநகர், சாத்தூர் வழியெங்கும் பழம்புளிகள் சாய்க்கப்பட்டபோது மரத்தை எண்ணினார்கள், மரத்தின் மேல் என்ன வாழ்ந்தது என்று எண்ணவில்லை. ஒட்டிவாழும் செடிக்கு வேண்டிய சொரசொரப்பான, வெடித்த பட்டை இளமரத்தில் வராது. பதிலுக்கு நடும் கன்று அந்தத் தகுதியை அடையப் பல பத்தாண்டுகள் ஆகும். எனவே வீட்டில் ஆர்க்கிட் வளர்க்க விரும்பும் விருதுநகர் மாவட்டத்தாருக்கு என் வேண்டுகோள் இரண்டு. கன்றைத் திசுவளர்ப்பு நர்சரியில் வாங்குங்கள், அது ஒரு டென்ட்ரோபியமாகவோ வாண்டாவாகவோ இருக்கட்டும், அதை மார்கழிக் குளிருக்கும் பங்குனி வெளிச்சத்துக்கும் திறந்து வையுங்கள். அடுத்த சாலை விரிவாக்கத்துக்கு மரங்களைக் குறிக்க அதிகாரிகள் உங்கள் ஊருக்கு வரும்போது, பட்டியலில் உள்ள ஒவ்வொரு முதுமரத்தின் கிளைகளையும் வெட்டுவதற்கு முன் ஒரு தாவரவியல் ஆசிரியர் பார்வையிட வேண்டும் என்று கிராமசபையில் எழுத்தில் கேளுங்கள்.